ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சிறு பழுதுகளுக்கு டிரெமல் 4000: ஒரு மதிப்புரை

உதிரிபாகம் கடையில் கிடைக்கும் காருக்கும், உதிரிபாகமே வராமல் நின்றுபோன காருக்கும் வேண்டிய கருவிகள் ஒன்றல்ல. முதல் வகைக் காரில் ஒரு நட்டு துருவேறி இறுகிவிட்டால், கேஸ் வைத்து வெட்டி எறிந்துவிட்டுப் புதிய போல்ட்டும் நட்டும் பூட்டி அன்று மாலையே வண்டியை வெளியே எடுத்துவிடலாம். இரண்டாம் வகைக் காரில், வெட்டி எறிந்ததற்கு மாற்று கிடைக்கும் வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். என்னிடம் இருப்பது இரண்டாம் வகையைச் சேர்ந்த வண்டி: சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு கொண்டது. அதன் சிறு பழுதுகளுக்கு டிரெமல் 4000 என்ற ரோட்டரி டூலை, அதாவது வெட்டவும் உரசவும் சிறு முனைகளைச் சுழற்றும் கைக்கருவியை, சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்தக் கருவியைப் பற்றிய விளம்பரங்கள் அது எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதையே முன்னால் நிறுத்துகின்றன. பழைய காருக்கு அதை வாங்குபவர் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு மெதுவாகச் சுழலும், எவ்வளவு குறைவாகச் சுரண்டும் என்பதைத்தான்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் கருவியின் பயனைச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் உடல் வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டியுடையது. அதே காரை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில், 948 சிசி என்ஜினுடன், ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூரில் தயாரித்தது. நான்கு கதவு வடிவம் இந்தியாவில் மட்டுமே வந்தது. அக்காலத்துக் கார்களில் பல ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டு வந்தபோது, ஹெரால்டு தனிச் சேசிஸின் மேல் உடலின் பகுதிகளைப் போல்ட்டுகளால் பூட்டி அமைக்கப்பட்டது. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் அந்தப் பெரிய பானெட்டைத் திறந்தவுடன், பூட்டிய போல்ட்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். பழுதுபார்ப்பவருக்கு இந்த அமைப்பு பெரிய வரம். ஒரு பகுதி கெட்டால் அந்தப் பகுதியை மட்டும் கழற்றலாம். ஆனால் கழற்ற வேண்டிய ஒவ்வொரு போல்ட்டும் ஐம்பது ஆண்டுத் துருவோடு இருக்கும். அவற்றின் மரை அங்குலக் கணக்கில் அமைந்த யுஎன்எஃப் வகை. இன்று தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் மரை. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அம்பாசடர் சாமான்கள் இன்னும் கேட்டால் கிடைக்கின்றன. ஹெரால்டு சாமான் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எனவே இருக்கும் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் மரைத் தண்டை, காப்பாற்றுவதே வேலையின் முதல் குறிக்கோள் ஆகிறது.

டிரெமல் 1932-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரேசின் நகரில் தொடங்கிய நிறுவனம். 1993 முதல் அது பாஷ் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 4000 என்ற இந்த மாடல் 175 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை சுழலும். எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். சுமை ஏறும்போது வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுச் சுற்று உள்ளே இருக்கிறது. துணைச் சாமானின் தண்டைப் பிடிக்கும், முனையில் உள்ள காலெட் 3.2, 2.4, 1.6, 0.8 மில்லிமீட்டர் என நான்கு அளவுகளில் தனித்தனியே கிடைக்கிறது. பெட்டியோடு வரும் துணைச் சாமான்களில் பெரும்பாலானவை 3.2 மில்லிமீட்டர் தண்டு கொண்டவை.

இந்த எண்களின் பொருளைப் புரிந்துகொண்டால் கருவியின் குணமும் பிடிபடும். 175 வாட்டையும் 35,000 சுற்றையும் வைத்துக் கணக்கிட்டால், உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் தண்டில் கிடைக்கும் முறுக்குவிசை 0.05 நியூட்டன் மீட்டர் கூட இல்லை. பட்டறைகளில் இருக்கும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் 600, 700 வாட்டில் 11,000 சுற்று அளவில் ஓடுவதால், அதன் முறுக்குவிசை இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வரும். ஆனால் விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டால் படம் மாறுகிறது. டிரெமலின் 38 மில்லிமீட்டர் கட்டிங் வீல் முழு வேகத்தில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் நகர்கிறது, கிரைண்டரின் 100 மில்லிமீட்டர் வீலின் விளிம்போ 58 மீட்டர்தான் நகர்கிறது. ஆகவே இந்தக் கருவி வேகத்தால் வெட்டுகிறதே தவிர வலுவால் வெட்டுவதில்லை. அழுத்தினால் சுழற்சி தளரும், வீல் உடையும், மோட்டார் சூடேறும். மேலே வைத்தும் வைக்காமலும் பிடித்து, பலமுறை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கிரைண்டரில் பழகிய கைக்கு இது முதலில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இதே பலவீனம்தான் பழைய தகட்டுக்குப் பாதுகாப்பு. 20 கேஜ் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் குறைவு, துரு தின்ற இடத்தில் அதிலும் பாதிதான் மிஞ்சியிருக்கும். அதன்மேல் கிரைண்டர் ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை விழும் அல்லது சூட்டில் தகடு நெளியும்.

இந்தக் கருவி தன் விலையை முழுதாகத் திருப்பித் தரும் வேலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், இறுகிய நட்டுகளையும் தலை தேய்ந்த ஸ்க்ரூக்களையும் கழற்றுவதைத்தான் சொல்வேன். கதவுக் கீல்களின் ஸ்க்ரூக்களில் நட்சத்திரக் காடி தேய்ந்து வெறும் குழியாகிவிட்டிருக்கும். அதன் தலையில் 24 மில்லிமீட்டர் மெல்லிய கட்டிங் வீலால் நேராக ஒரு காடி வெட்டினால், அகலமான தட்டைத் திருப்புளியை அதில் பொருத்திச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பலாம். வீலின் தடிமன் 0.6 மில்லிமீட்டர்தான் என்பதால், திருப்புளியின் முனை உட்காரும் அளவுக்குக் காடியை அகலப்படுத்த வீலை இரண்டு மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டும். காடி ஆழமாக இருப்பதைவிட அதன் இரு சுவர்களும் செங்குத்தாக இருப்பது முக்கியம். சுவர் சரிந்தால் திருப்புளி ஏறி வழுக்கும். வெட்டும்போது ஸ்க்ரூவுக்கு ஏறும் சூடும் கூடுதல் உதவி: அது இறுக்கத்தைக் கொஞ்சம் விடுவிக்கிறது.

நட்டு இறுகியிருந்தால் முறை வேறு. நட்டின் ஆறு முகங்களில் கைக்கு எட்டும் ஒரு முகத்தில், போல்ட்டின் நீளத்துக்கு இணையாக, மேலிருந்து கீழ்வரை வெட்டிக்கொண்டே போய், மரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிட வேண்டும். பிறகு அந்த வெட்டில் சிறு உளியை வைத்துத் தட்டினால் நட்டு பிளந்து விரியும், உள்ளே இருக்கும் ஸ்டட்டின் மரை சேதமில்லாமல் நிற்கும். பம்பர் பிராக்கெட்டுகளிலும், சைலன்சர் குழாய் மேனிஃபோல்டோடு சேரும் இடத்திலும் இந்த முறை எனக்குப் பல ஸ்டட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. இதே வேலையைக் கேஸ் டார்ச்சால் செய்யும் தேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் அருகில் ரப்பர் புஷ்ஷும் பெயிண்ட்டும் வயரும் இருக்கும் இடத்தில் நெருப்பைக் கொண்டுபோக அவர்களும் தயங்குவார்கள். மெல்லிய வீலுக்கு ஒரு குணம் உண்டு: நேராக இருக்கும்வரை நன்றாக வெட்டும், கை சற்றுத் திரும்பினால் நொறுங்கிச் சிதறும். நார் கலந்து வலுப்படுத்திய 38 மில்லிமீட்டர் வீல் அப்படி எளிதில் உடையாது, ஆனால் குறுகிய இடத்தில் அது நுழையாது. இரண்டையும் வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதே வழி. இறுக்கம் விட ஊற்றிய எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வீலைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தீப்பொறி அதன்மேல்தான் விழும்.

அடுத்தது துரு. கடற்காற்று வீசும் ஊரில் நிற்கும் ஹெரால்டில் துரு பிடிக்கும் இடங்கள் ஏறத்தாழ நிச்சயமானவை: கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கியின் தரை, கண்ணாடி ரப்பருக்குக் கீழே உள்ள மடிப்பு, பேட்டரி உட்காரும் தட்டு. பெயிண்ட் கொப்பளித்து நிற்கும் ஒரு ரூபாய் நாணய அளவுத் துருவை, அதைச் சுற்றியுள்ள நல்ல பெயிண்ட்டைத் தொடாமல் சுத்தம் செய்வதில் இந்தக் கருவிக்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. முதலில் சிறிய எவர்சில்வர் கம்பிப் பிரஷ், பிறகு 60 கிரிட் உப்புத்தாள் சுற்றிய 13 மில்லிமீட்டர் உருளை, கடைசியில் அதே உருளையில் 120 கிரிட் என்று போனால் குழிக்குள் இருக்கும் கறுப்புத் துருவும் வெளியே வந்து வெள்ளை இரும்பு தெரியும். அதன்மேல் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி, எபாக்ஸி பிரைமர், தேவையானால் மெல்லிய பட்டி, பிறகு பெயிண்ட். இந்த வரிசையில் எந்தப் படியையும் விட்டுவிடக் கூடாது. இரும்பைத் திறந்தபடி இரவு முழுவதும் வைத்தால் காலையில் மீண்டும் மஞ்சள் படிந்திருக்கும்.

குறைந்த வேகத்தின் அருமை தெரிவது இங்கேதான். இந்த வகைச் சிறு கம்பிப் பிரஷ்களுக்கு உற்பத்தியாளர் விதித்துள்ள உச்ச வேகம் 15,000 சுற்று. அதற்குமேல் ஓட்டினால் கம்பிகள் ஊசிபோல் பறந்து வரும். டிரெமல் 3000 மாடலின் மிகக் குறைந்த வேகமே 10,000 சுற்று என்பதால், அதில் பிரஷ்ஷுக்கு 10,000-க்கும் 15,000-க்கும் இடைப்பட்ட சிறு வரம்பே கிடைக்கிறது. 4000 மாடலில் 5,000 வரை இறங்கலாம், இறங்கிய பிறகும் சுமை கொடுத்தால் நின்றுபோகாமல் ஓடுகிறது. துருவை உரசும்போது 8,000 சுற்றுக்கு அருகில் வைத்தால் பிரஷ் நீண்ட நாள் உழைக்கிறது, பெயிண்ட் விளிம்பும் கருகுவதில்லை. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால் வாய்மூக்கை மூடும் தரமான தூசி முகமூடி இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. கருவியில் தூசியை உறிஞ்சும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

எல்லைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கையை விடப் பெரிய துருவுக்கு இந்தக் கருவி ஏற்றதல்ல, நேரமும் உப்புத்தாளும்தான் வீணாகும். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள் அரித்துப் போயிருந்தால் அது வெட்டிப் பற்றவைக்கும் வேலை. அதை ஒரு நல்ல டிங்கரிடம் விட்டுவிட வேண்டும். ஆனால் அவர் கேஸ் வெல்டிங் முடித்தபிறகு, கிரைண்டர் நுழைய முடியாத மூலைகளில் பற்றுவைத்த மேட்டைச் சீராக்கும் வேலை மீண்டும் டிரெமலிடம் வருகிறது. அதற்கு அலுமினியம் ஆக்சைடு கல் போதும்.

குரோமிய முலாம் பூசிய பாகங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் போன்றவற்றின் மேல் தெரியும் குரோமியப் படலம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லாதது. பளபளப்பைத் தாங்கி நிற்பது அதன் அடியில் உள்ள நிக்கல். உரசும் எதையும் அதன்மேல் வைத்தால் படலம் போய்விடும், மீண்டும் முலாம் பூசும் கடைக்குத்தான் போக வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகமாக இருந்தால், பொடிப்பொடியாகக் குழி விழுந்த பிறகு முலாம் பூசும் கடைக்காரரே தயங்குவார். ஆகவே குரோமியத்துக்கு மென்மையான பஞ்சுத்துணி வீல், மிகக் குறைந்த வேகம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அலுமினிய, எவர்சில்வர் அலங்காரப் பட்டைகள் வேறு கதை. அவற்றில் உலோகம் மேலிருந்து கீழ்வரை ஒன்றே என்பதால், ஃபெல்ட் வீலில் பாலிஷ் கட்டியைத் தொட்டு 10,000 சுற்றுக்குள் ஓட்டினால் மங்கிய பட்டை தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் மின்னும். வேகத்தைக் கூட்டினால் பாலிஷ் கட்டி உருகி நாலாபக்கமும் தெறிக்குமே தவிர வேலை விரைவாக முடியாது.

மின்சாரப் பழுதுகளில் பாதிக்கு மேல் எர்த் சரியாக இல்லாததால் வருபவை. விளக்கு மங்கலாக எரிவது, ஹார்ன் சில நேரம் மட்டும் ஒலிப்பது, இண்டிகேட்டர் தயங்குவது ஆகியவற்றுக்குப் புதிய பாகம் தேடுவதற்கு முன், எர்த் வயர் உடலோடு சேரும் இடத்தையும் பல்பு உட்காரும் கூட்டின் உட்புறத்தையும் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். விரல் நுழையாத அந்தக் கூட்டுக்குள் பித்தளைக் கம்பிப் பிரஷ் நுழைந்து, பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பைச் சில நொடிகளில் எடுத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

என்ஜின் பக்கம் போகும்போது, அலுமினியத்தில் சாணைக் கல்லை வைக்கவே கூடாது. மென்மையான உலோகம் கல்லின் துளைகளை அடைத்துக்கொள்ளும், பிறகு கல் வெட்டாமல் சூடு மட்டும் ஏற்றும். டங்ஸ்டன் கார்பைடு கட்டரில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டு வெட்டினால் அலுமினியம் ஒட்டாமல் சீவலாக உதிரும். தெர்மோஸ்டாட் மூடியில் உடைந்துபோன ஸ்டட்டைச் சுற்றிச் சுரண்டவும், துளையின் வாயில் உள்ள பிசிறை எடுக்கவும் இது பயன்படும். கேஸ்கட் உட்காரும் தட்டையான முகங்களில் இந்தக் கருவியைப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. வட்டமாகச் சுழலும் எதுவும் தட்டையான முகத்தைத் தட்டையாக வைத்திருக்காது. கார்பரேட்டரின் அடிமுகம் வளைந்திருந்தால் தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்துக் கையால் தேய்ப்பதே சரியான முறை. அதே காரணத்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டுகளுக்கும் மெல்லிய அரம்தான். சுழலும் கல் அந்தச் சிறு முகத்தை உருண்டையாக்கிவிடும், பிறகு இடைவெளியை எந்த அளவில் வைத்தாலும் என்ஜின் சீராக ஓடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் பிரேக் ஷூக்களை எந்த ரோட்டரி டூலாலும் உரசக் கூடாது. இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமல்ல, நுரையீரலைப் பொறுத்த விஷயம்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்தக் காரின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே ஓர் ஓரமாக அமைந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஆதலால் கசிந்த ஆவி மேலே கலைந்து போகாமல் டிக்கியின் தரையிலேயே தங்கும். அங்கே கட்டிங் வீலின் தீப்பொறி விழுவது என்ன விளைவைத் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலும் ஓடும்போது சிறு பொறி தோன்றிக்கொண்டே இருப்பதால், வெட்டாமல் வெறும் பாலிஷ் போடுவதாக இருந்தாலும் ஆபத்து அதேதான். டிக்கியில் வேலை என்றால் டேங்கைக் கழற்றித் தொலைவில் வைத்து, டிக்கியின் மூடியைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் கிடைக்க விட்டபிறகே கருவியை உள்ளே கொண்டுபோக வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியின் அருகிலும் வேண்டாம். பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி, கையோடு ஒட்டிய சட்டைக் கை, தொங்கும் துண்டோ வேட்டி முனையோ இல்லாத உடை ஆகியவை எப்போதும் தேவை. வீலைப் புதிதாகப் பூட்டியவுடன் அதன் சுழற்சித் தளத்துக்கு நேராக முகத்தை வைக்காமல் சில நொடி வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

துணைச் சாமான்களின் செலவுதான் இந்தக் கருவியின் உண்மையான விலை. கருவி ஒருமுறை வாங்குவது. வீல்களும் உப்புத்தாள் வளையங்களும் பிரஷ்களும் தீர்ந்துகொண்டே இருப்பவை, நிறுவனத்தின் பெயர் போட்டவை விலை கூடியவை. என் அனுபவத்தில் கட்டிங் வீலிலும் கம்பிப் பிரஷ்ஷிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது, ஏனெனில் அவை உடைந்தால் கண்ணையும் முகத்தையும் நோக்கி வரும். உப்புத்தாள் வளையம், ஃபெல்ட் போன்றவற்றில் விலை குறைந்தவையும் போதும். இன்னொரு வழி நம் ஊருக்கே உரியது. பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் பர் எனப்படும் சிறு கட்டர்கள் 2.35 மில்லிமீட்டர் தண்டு கொண்டவை, 2.4 மில்லிமீட்டர் காலெட்டில் அவை கச்சிதமாக உட்காரும். சவுகார்பேட்டையிலும் கோயம்புத்தூரிலும் நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் உருண்டை, கூம்பு, உருளை என்று எல்லா வடிவங்களிலும் கிடைக்கின்றன. வேலைப்பாடும் நேர்த்தியாக இருக்கிறது. தண்டு மெல்லியது என்பதால் வேகத்தை மட்டும் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். காலெட்டை மாற்றுவது தொல்லை என்று எல்லா அளவையும் பிடிக்கும் சிறிய சக் வாங்குபவர்கள் உண்டு. அது வசதிதான், ஆனால் காலெட் பிடிக்கும் அளவுக்குத் தண்டை நடுவில் நேராகப் பிடிப்பதில்லை. அதிர்வு கூடினால் நுண்ணிய வேலையில் அது தெரியும்.

கூடவே வாங்க வேண்டியது ஃபிளெக்ஸ் ஷாஃப்ட், அதாவது மோட்டாரின் சுழற்சியைக் கைமுனைக்குக் கொண்டுவரும் வளையும் தண்டு. டாஷ்போர்டுக்கு அடியிலும், கதவின் உள்ளறையிலும், ஸ்டியரிங் கம்பத்தின் ஓரத்திலும் கருவியின் முழு உடலையும் நுழைக்க முடியாது. மோட்டாரை உயரத்தில் தொங்கவிட்டு, பேனா பிடிப்பதுபோல் முனையை மட்டும் கையில் பிடித்தால் கை நடுக்கமும் குறைகிறது, களைப்பும் குறைகிறது. ஷாஃப்ட்டைக் கூர்மையாக வளைக்கக் கூடாது. வளைத்தால் உள்ளே சுழலும் கம்பி சூடாகி, உறையைத் தேய்த்துவிடும். மோட்டாரின் கார்பன் பிரஷ்களை 40, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கும்படி நிறுவனமே சொல்கிறது. 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். திருகைத் திறந்து நாமே மாற்றிவிடலாம் என்பது இதன் அமைப்பில் எனக்குப் பிடித்த ஒன்று.

விலை குறைந்த பெயரில்லாத கருவிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன, அவற்றின் பெட்டியில் நூறு துணைச் சாமான்களும் இருக்கும். அப்படி ஒன்றை நண்பரின் பட்டறையில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். காலெட் மையத்தில் நிற்காததால் வீல் தள்ளாடியது, தள்ளாடும் வீல் ஸ்க்ரூவின் தலையில் நேர்க்காடி வெட்டாமல் அகலமான பள்ளம் தோண்டியது. பாலிஷ் போட மட்டும் என்றால் அது போதும். நட்டைப் பிளந்து ஸ்டட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது போதாது. டிரெமல் 3000 நம்பகமான கருவி, 130 வாட், விலையும் குறைவு. காடி வெட்டுவதும் பிசிறு எடுப்பதும்தான் வேலை என்றால் 3000 போதும். துரு நீக்கவும் அலங்காரப் பட்டைகளைப் பளபளப்பாக்கவும் வேண்டும் என்றால் 5,000 சுற்றுக்காகவே 4000-க்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். பேட்டரியில் ஓடும் மாடல்கள் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலைக்கு வசதியானவை, ஆனால் ஒரு கதவின் அடிவிளிம்பு முழுவதையும் சுத்தம் செய்து முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். வீட்டில் பிளக் பாயிண்ட் இருப்பவர் வயர் உள்ள மாடலையே வாங்குவது நல்லது.

ஹெரால்டோ, பத்மினியோ, பழைய அம்பாசடரோ வைத்திருப்பவர் முதன்முதலில் வாங்கும்போது, கருவியோடு நார் கலந்த கட்டிங் வீல் ஒரு கட்டு, மெல்லிய வீல் ஒரு கட்டு, எவர்சில்வர் பிரஷ் இரண்டு, பித்தளைப் பிரஷ் ஒன்று, உப்புத்தாள் வளையங்கள், 2.4 மில்லிமீட்டர் காலெட் ஆகியவற்றை மட்டும் வாங்கிக்கொண்டால் தொடங்கிவிடலாம். மற்றவற்றை வேலை கேட்கும்போது வாங்கலாம். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே விற்பது 120 வோல்ட் கருவி. அதை இங்குள்ள 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். இங்கேயே 230 வோல்ட் என்று அச்சிட்ட பெட்டியைப் பார்த்து, கடை பில்லோடு வாங்குவதே வாரண்டிக்கும் வசதி.